இரண்டாவது அம்பு

1955-ஆம் ஆண்டு ரங்கூனில், பர்மிய அரசின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஊ பா கினைத் தேடி ஒரு மார்வாடி வணிகர் வந்தார். மண்டலேயில் பிறந்து வளர்ந்தவர், வயது 31, வணிகத்தில் செழித்த குடும்பம். ஆனால் ஒற்றைத் தலைவலி அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. வலி முற்றும்போது மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். இப்படியே போனால் மார்ஃபினுக்கே அடிமையாகிவிடுவீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று சுற்றிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் நண்பர் ஒருவர் சொல்லி, அரசு வேலைக்கு நடுவே தியானம் கற்றுக்கொடுத்துவந்த இந்த அதிகாரியிடம் வந்து நின்றார்.

ஊ பா கின் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். தலைவலி போக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், தம்மத்தைத் தலைவலி மருந்தாக்கி அதன் மதிப்பைக் குறைக்க முடியாது என்பது அவர் வாதம். மனத்தின் தவிப்பைப் புரிந்துகொள்ள வருவதானால் வரலாம். அந்தத் தவிப்பு குறையும்போது தலைவலியும் கூடவே குறையக்கூடும். வணிகர் பல மாதங்கள் தயங்கிவிட்டுத்தான் பயிற்சியில் சேர்ந்தார். தலைவலி போய்விட்டது. அவர்தான் சத்ய நாராயண் கோயங்கா. 1969-இல் இந்தியாவுக்கு வந்து, விபஸ்ஸனா தியானத்தைப் பத்து நாள் முகாம்களாக உலகமெங்கும் கொண்டுசேர்த்தவர். இந்தக் கதையை அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

ஒருவருடைய தலைவலி போனது அறிவியல் சான்றாகிவிடாது. ஆனால் ஊ பா கின் போட்ட நிபந்தனையில் ஒரு கூர்மையான கணிப்பு இருந்தது. வலி வேறு, வலியைச் சுற்றி மனம் எழுப்பும் தவிப்பு வேறு. பயிற்சி வேலை செய்வது இரண்டாவதன் மீதுதான் என்பதே அது. கடந்த 40 ஆண்டுகளாக வலி ஆய்வகங்களும் மனநல மருத்துவமனைகளும் சோதித்துவருவது பெரும்பாலும் இந்தக் கணிப்பைத்தான்.

இந்தக் கணிப்பின் வேர் பாலி நூல்களில் இருக்கிறது. சம்யுத்த நிகாயத்தின் சல்ல சுத்தம் என்ற உரையில் புத்தர் இரண்டு மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் பயிற்சி பெற்றவர், மற்றவர் பெறாதவர். உடல் வலி இருவருக்கும் வருகிறது. அதில் சலுகை எதுவும் கிடையாது. பயிற்சி பெறாதவர் வலி வந்ததும் புலம்புகிறார், மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார், கலங்கிப்போகிறார். அம்பு ஒன்று தைத்த இடத்தில் இரண்டாவது அம்பும் வந்து தைத்தாற்போல, அவருக்கு உடலில் ஒரு வலி, உள்ளத்தில் ஒரு வலி. பயிற்சி பெற்றவருக்கு முதல் அம்பு மட்டும்தான். இதே சுத்தத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. பயிற்சி பெறாதவர் வலியிலிருந்து தப்பிக்கப் புலன் இன்பத்தின் பக்கம் ஓடுகிறார், ஏனென்றால் வேறு வழி அவருக்குத் தெரியாது. மனசு சரியில்லை என்று நள்ளிரவு தாண்டியும் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பயிற்சி எல்லாக் காலத்திலும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. தேரவாத நாடுகளில் பல நூற்றாண்டுகளாகத் தீவிர தியானம் சில துறவிகளின் வேலையாகவே இருந்தது. இல்லறத்தார் சோறு படைத்தார்கள், சீலம் காத்தார்கள், அறவுரை கேட்டார்கள். அதை மாற்றியது பர்மாவின் வீழ்ச்சி. 1885-இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்து, அரசர் தீபாவை ரத்னகிரிக்கு நாடு கடத்தினார்கள். சங்கத்தைப் புரந்துவந்த அரசே இல்லாமல் போனது. பௌத்தம் அழியாமல் இருக்க வேண்டுமானால் அதை உழவர், வணிகர், பெண்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று லெடி சயாடோ போன்ற துறவிகள் கருதினார்கள். அவர் எளிய பர்மிய நடையில் நூல்கள் எழுதினார், ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். அவரிடம் கற்ற சயா தெட்ஜி ஓர் உழவர். தெட்ஜியிடம் கற்றவர்தான் ஊ பா கின். துறவிகளுக்கு வெளியே, வீடும் வேலையும் உள்ளவர்களுக்கு நடுவே பயிற்சி கைமாறிவந்த வரலாறு இது.

அமெரிக்க மருத்துவமனைக்கு அது போன வழியும் இதே மரபிலிருந்துதான் தொடங்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் புத்தகயாவில் முனீந்திரர் என்ற தியான ஆசிரியரிடமும் கோயங்காவிடமும் கற்ற இளம் அமெரிக்கர்கள் ஊர் திரும்பி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பேரி என்ற சிற்றூரில் ஒரு தியான மையம் தொடங்கினார்கள். அங்கே 1979-இல் ஒரு முகாமில் உட்கார்ந்திருந்தவர் ஜான் கபட்-ஜின். நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியாவின் மாணவர், எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டு வுஸ்டர் நகரத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் எட்டு வாரப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட தீரா முதுகுவலிக்காரர்களும் தலைவலிக்காரர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். புத்தர் சிலை கிடையாது, பாலிச் சொல் கிடையாது.

முதல் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் உலர் திராட்சையை வைப்பார்கள். இதுவரை பார்த்திராத பொருளைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்கச் சொல்வார்கள். சுருக்கங்களின் மேடு பள்ளம், வெளிச்சம் படும் இடம், விரலால் நசுக்கினால் கிடைக்கும் மென்மை, காதருகே வைத்து உருட்டினால் எழும் மெல்லிய ஒலி. பிறகு நாவில் வைத்துக் கடிக்காமல் இருக்க வேண்டும். எச்சில் தானாக ஊறுவதைக் கவனிக்க வேண்டும். அப்புறம்தான் ஒரே ஒரு கடி. பழத்தைக் கைநிறைய அள்ளி வாயில் போட்டே பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் எந்தச் சிக்கலான விளக்கத்தைவிடவும் வேகமாக ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடும்: அன்றாட வாழ்வில் பெரும்பகுதியை மனம் வேறெங்கோ இருந்துகொண்டுதான் கழிக்கிறது. அதன்பின் படுத்தபடியே கால்விரல் நுனியிலிருந்து உச்சந்தலைவரை கவனத்தை நகர்த்தும் பயிற்சி. நாள்தோறும் வீட்டில் முக்கால் மணி நேரம்.

1982-இல் கபட்-ஜின் வெளியிட்ட முதல் ஆய்வில் 51 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு வலி மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சி பெறாத குழு இல்லை. நம்பிக்கை தந்த தொடக்கம் என்றுதான் அதைச் சொல்ல முடியும்.

இரண்டு அம்புகளையும் ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்க முடியுமா? ஃபாடல் ஸெய்தான் என்ற நரம்பியல் ஆய்வாளர் இதைச் செய்து பார்த்தார். தியானமே அறியாத 15 பேரின் கெண்டைக்காலில் 49 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் சிறு தகட்டை வைத்து, எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் அவர்களுடைய மூளையைப் படம்பிடித்தார். சுட்டுப் புண்ணாக்கும் சூடு அல்ல. ஆனால் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றும் சூடு. அவர்களிடம் இரண்டு கேள்விகள் தனித்தனியாகக் கேட்கப்பட்டன. வலி எவ்வளவு கடுமை? அது எவ்வளவு தொல்லையாக இருந்தது? பிறகு நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி. மீண்டும் அதே சூடு. கடுமை 40 சதவீதம் குறைந்தது. தொல்லை 57 சதவீதம் குறைந்தது. முடிவு 2011-இல் வெளியானது. வலியின் தொல்லையே கூடுதலாகக் குறைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நீண்ட காலம் பழகியவர்களிடம் இந்தப் பிளவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஜென் தியானிகளைச் சோதித்தபோது, வலியை உணரும் மூளைப் பகுதிகள் மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே, சொல்லப்போனால் கூடுதலாகவே, சுறுசுறுப்பாக இருந்தன. அடங்கியிருந்தவை வேறு பகுதிகள்: வலிக்கு விலை போடுகிற, பழைய நினைவுகளோடு அதை முடிச்சுப் போடுகிற, அச்சத்தைக் கூட்டுகிற பகுதிகள். அவர்கள் மரத்துப்போகவில்லை, முதல் அம்பு முழுமையாகத் தைத்திருந்தது.

உடலே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருள்கள்தான் இதற்குக் காரணமோ என்ற ஐயம் நியாயமானது. அதையும் ஸெய்தான் குழு 2016-இல் சோதித்தது. அந்தப் பொருள்களின் வேலையைத் தடுத்துவிடும் நலாக்சோன் மருந்தைச் செலுத்திய பிறகும் தியானம் வலியைக் குறைத்தது. ஆக, மார்ஃபின் செல்லும் வழி வேறு, இது செல்லும் வழி வேறு.

உடல் வலியைவிட முக்கியமான சோதனை மனச்சோர்வில் நடந்தது. இந்த முழு வரலாற்றிலேயே நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

மனச்சோர்வின் கொடுமை அது திரும்பி வருவதில் இருக்கிறது. ஒரு முறை வந்து குணமானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் அடுத்த முறைக்கான வாய்ப்பு கூடுகிறது. டொரண்டோவின் ஸின்டல் சீகல், வேல்ஸின் மார்க் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜின் ஜான் டீஸ்டேல் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1990-களில் இதற்கு வழி தேடினார்கள். டீஸ்டேலின் கருத்து இது: பல முறை மனச்சோர்வில் விழுந்தவருக்கு, சாதாரண வருத்தமும் பழைய எண்ண ஓட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மழை நாளின் மந்தமோ, சரியாகத் தூங்காத இரவோ போதும். 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'இது இனி மாறாது' என்ற பழைய புலம்பல் தானாக ஓடத் தொடங்கும். அவர் அதைத் தீர்க்க எண்ணி மேலும் மேலும் அசைபோடுவார். அசைபோடப் போட வருத்தம் ஆழமாகும். வெளியில் எதுவுமே நடந்திருக்காது.

மூவரும் வுஸ்டருக்குப் போய் கபட்-ஜின்னின் வகுப்பைப் பார்த்தார்கள். தியானம் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் நீங்களே நாள்தோறும் உட்கார வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டது, ஆய்வாளர்களான அவர்களைத் தயங்க வைத்தது. கடைசியில் உட்கார்ந்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை மனச்சோர்வுக்கு ஏற்ப மாற்றி, குணமாகி நலமாக இருக்கும் 145 பேரிடம் சோதித்து, 2000-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு ஓராண்டுச் சொச்சத்தில் நோய் திரும்பியது. பயிற்சி பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. ஆனால் இரண்டு முறை மட்டுமே வந்தவர்களுக்குப் பயிற்சியால் எந்தப் பலனும் இல்லை.

நல்ல மருந்து என்றால் லேசான நோய்க்குத்தானே இன்னும் நன்றாக வேலை செய்ய வேண்டும்? இங்கே தலைகீழாக இருந்தது. 2004-இல் டீஸ்டேல் இன்னொரு சிறிய ஆய்வில் அதே முடிவைப் பெற்றபோது விடை கிடைத்தது. இரண்டு முறை மட்டும் விழுந்தவர்களுக்கு நோய் திரும்பியது பெரும்பாலும் ஒரு பெரிய அடிக்குப் பிறகு: ஒரு சாவு, ஒரு பிரிவு, ஒரு வேலையிழப்பு. பல முறை விழுந்தவர்களுக்கு வெளிக்காரணமே இல்லாமல், உள்ளே எண்ணம் எண்ணத்தை இழுத்துக்கொண்டு போனதால் திரும்பியது. பயிற்சி தடுத்தது இந்த இரண்டாவது வகையைத்தான். அதாவது வாழ்க்கை எய்த அம்பை அது தடுக்கவில்லை. மனம் தன்மீதே எய்துகொண்ட அம்பைத் தடுத்தது. ஒரு மருத்துவச் சோதனையின் புள்ளிவிவரம் இவ்வளவு நெருக்கமாக ஒரு பழைய சுத்தத்தின் மேல் வந்து பொருந்துவது அரிது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதல், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு என்று எல்லை வகுத்தே, 2004-இல் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைத்தது.

மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்தினால்? 2015-இல் 424 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்று மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் இரண்டாண்டுகளில் நோய் திரும்பியது. பயிற்சி வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. மாத்திரையைத் தொடர முடியாதவர்களுக்கு அதற்கு ஈடான இன்னொரு வழி இருக்கிறது என்று சொல்லலாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது வேறு விஷயம், அது ஆபத்து.

இந்த வகுப்புகளில் கற்றுத்தரும் மிகச் சிறிய கருவி மூன்று நிமிடம் எடுக்கும். அலுவலகத்தில் கடிந்த சொல் கேட்டு வந்து நாற்காலியில் உட்காரும்போது செய்யலாம். முதலில், இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது: நெஞ்சில் இறுக்கம், முகத்தில் சூடு, 'எல்லார் முன்னாலும் இப்படிச் சொல்லிவிட்டாரே' என்ற எண்ணம். எதையும் விரட்ட வேண்டியதில்லை. அடுத்து, கவனத்தை மூச்சில் குவிப்பது. பிறகு அதை உடல் முழுவதற்கும் விரிப்பது. இதில் மூச்சைவிட முதல் படிதான் முக்கியம் என்று தோன்றுகிறது. 'நான் அவமானப்பட்டவன்' என்பதற்கும் 'அவமானம் இருக்கிறது' என்பதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி கிடைக்கும் இடம் அதுதான்.

அந்த இடைவெளியைப் பர்மியத் துறவி மகாசி சயாடோ முறையாகவே வகுத்திருந்தார். 1949 முதல் ரங்கூனின் தாதன யெய்க்தா தியான மையத்தில் அவர் கற்பித்தது எளிமையானது. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனி. எழும்போது 'எழுகிறது' என்றும், தாழும்போது 'தாழ்கிறது' என்றும் மனத்துக்குள் குறித்துக்கொள். சினம் வந்தால் 'சினம், சினம்'. அரிப்பு வந்தால் 'அரிப்பு'. திட்டமிடல் தொடங்கினால் 'திட்டமிடல்'. பெயர் சொல்லிவிட்டு வயிற்றுக்குத் திரும்பு. இவரிடம் கற்ற ஞானபோனிக தேரர் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இலங்கையின் தொடந்துவைத் தீவில் துறவியானவர். இந்த முறையை விளக்கி அவர் எழுதிய ஆங்கில நூல் 1954-இல் கொழும்பில் வெளியாகி, மேற்கில் ஒரு தலைமுறைக்கே பாடநூலானது.

வெறும் பெயர் சொல்வதால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற கேள்விக்கு, தியானத்தோடு தொடர்பே இல்லாத இடத்திலிருந்து விடை வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மன் 2007-இல் செய்த ஆய்வில், எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமும் அச்சமும் தெறிக்கும் முகங்கள் காட்டப்பட்டன. வெறுமனே பார்த்தபோதும், முகத்துக்கு ஓர் ஆள் பெயரைப் பொருத்தியபோதும், அச்ச உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா துடிப்பாக இருந்தது. முகத்திலிருந்த உணர்ச்சிக்குப் பெயர் பொருத்தியபோது அமிக்டலா தணிந்தது. நெற்றிக்குப் பின்னால், வலப்பக்கத்தில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று விழித்துக்கொண்டது.

பௌத்தம் என்றாலே 'எண்ணங்களை வந்து போக விடுங்கள்' என்பதுதான் என்று இப்போது ஆகிவிட்டது. இது முழு உண்மை அல்ல. மஜ்ஜிம நிகாயத்தின் விதக்கசண்டான சுத்தம், தொல்லை தரும் எண்ணத்தைக் கையாள ஐந்து வழிகளைப் படிப்படியாகச் சொல்கிறது. அதன் இடத்தில் நல்ல எண்ணம் ஒன்றை வைப்பது. தச்சர் சிறிய ஆப்பால் பெரிய ஆப்பைத் தட்டி எடுப்பதுபோல என்கிறது நூல். அது உதவாவிட்டால் அந்த எண்ணத்தால் வரும் கேட்டை நினைத்துப் பார்ப்பது. அதுவும் ஆகாவிட்டால் பொருட்படுத்தாமல் விடுவது. பிறகு, அது எப்படி உருவாகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்துத் தணிப்பது. எல்லாம் தோற்றால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது. இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வா, இந்த வழிகளும் வேண்டாத எண்ணங்களுக்கு நவீன நடத்தைச் சிகிச்சையில் பயன்படுத்தப்படும் உத்திகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 1980-களிலேயே விரிவாக எழுதினார். கபட்-ஜின்னின் பெயர் தெரிந்த பலருக்கு இவர் பெயர் தெரியாதது வருத்தத்துக்குரியது. அடக்குவது ஏன் கடைசி வழி என்பதற்கும் சான்று உண்டு: வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பின்னால் கரடி நினைவு கூடுதலாக வருவதை டேனியல் வெக்னர் 1987-இல் காட்டினார்.

இவ்வளவும் நம்பிக்கை தருபவை. இதைக் காட்டியே சந்தையில் விற்கப்படுபவை எல்லாம் அப்படி இல்லை. எட்டு வாரத் தியானம் மூளையின் அமைப்பையே மாற்றிவிடும் என்ற செய்தி, 16 பேர் பயிற்சி பெற்ற ஒரு சிறிய ஆய்விலிருந்து 2011-இல் கிளம்பியது. தியான ஆய்வின் முன்னோடியான ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வகமே 218 பேரிடம் இன்னும் கண்டிப்பாகச் சோதித்து, அப்படிப்பட்ட அமைப்பு மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2022-இல் அறிவித்தது. 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு அலசல், பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானத்துக்கு மிதமான பலன் உண்டு என்றது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விடச் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. இங்கிலாந்தில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த பெரிய சோதனையில், வகுப்பில் தியானம் கற்பித்தது மனநலத்தை மேம்படுத்தவில்லை. வாடிக்கையான பாடமாக அதை எல்லாக் குழந்தைகள்மீதும் திணிப்பது பலன் தரவில்லை என்றே இதைப் படிக்க வேண்டும். எட்டு வார வகுப்புக்கு வந்த நோயாளிகள் தேடி வந்தவர்கள், வீட்டில் நாள்தோறும் உட்கார்ந்தவர்கள்.

தீங்கும் உண்டு. 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பதற்றம் கூடுவது, மனம் தளர்வது போன்ற வேண்டாத விளைவுகள் வந்ததைக் காட்டியது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன், நீண்ட முகாம்களில் தூக்கமின்மை, பழைய அதிர்ச்சிகள் பொங்கி எழுவது, தன்னுணர்வே நழுவுவது போன்றவற்றைச் சந்தித்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டியிருக்கிறார். காலை நான்கு மணிக்கு எழுந்து, பேச்சே இல்லாமல், நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்காரும் பத்து நாள் முகாம் மனத்துக்குக் கடினமான வேலை. தீவிர மனநோய் இருந்தவர்களும், அண்மையில் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களும் மனநல மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் அதில் இறங்கக் கூடாது. குறுகிய பயிற்சி, கண்ணைத் திறந்துகொண்டு நடக்கும் நடைத் தியானம் என்று தொடங்குவது அவர்களுக்குப் பாதுகாப்பு.

இன்னொரு எல்லையும் இருக்கிறது; அதை ஆய்வகம் சொல்லாது. முதல் அம்பை ஒருவர் வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும் எய்துகொண்டிருந்தால்? வேலையாளைப் பிழியும் நிறுவனம் ஒருபக்கம் தியான வகுப்பும் நடத்தினால், அங்கே பிழை வேலையாளின் மனத்தில் இல்லை. தமிழகத்தில் பௌத்தத்தை மீட்டெடுத்தவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கொழும்புக்குச் சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சாதியால் இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு மானத்தையும் வரலாற்றையும் திருப்பித் தரும் வழியாகவே அவர் பௌத்தத்தைக் கண்டார். அம்பேத்கரும் 1956-இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியது தனி மனிதரின் மன அமைதிக்காக மட்டும் அல்ல. மனிதருக்கு மனிதர் இழைக்கும் கொடுமையால் வரும் துக்கத்தை அவர் மையத்தில் வைத்தார். இரண்டாவது அம்பைப் பற்றிய போதனையை, முதல் அம்பு எய்பவருக்குக் கேடயமாகத் தருவது அந்தப் போதனைக்கே இழைக்கும் அநீதி.

மூச்சைக் கவனிப்பது இவ்வளவு புகழ் பெற்றுவிட்டதால், அதன் உடன்பிறப்பான மெத்தா தியானம், அதாவது எல்லோருக்கும் நலம் நினைக்கும் பயிற்சி, பின்தள்ளப்பட்டுவிட்டது. மனக்காயங்களில் பல, மனிதர்களால் வந்தவை. அவற்றுக்கு மூச்சு மட்டும் போதாது. இதை விரிவாக வகுத்துக்கொடுத்தவர் 5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர். அவருக்கும் தமிழ் மண்ணுக்கும் உறவு உண்டு. காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற துறவியோடு தாம் வாழ்ந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார்.

அவர் தரும் வரிசை நுட்பமானது. முதலில் தனக்கே நலம் நினைக்க வேண்டும். பிறகு மதிப்புக்குரிய ஆசிரியர், அப்புறம் நெருங்கிய நண்பர், பின்னர் விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர், கடைசியில்தான் பகைவர். மிக நெருங்கியவரிடம் தொடங்கக் கூடாது என்கிறார். காரணம், அவருக்குச் சிறு துன்பம் என்றாலே தொடங்குபவருக்கு அழுகை வந்துவிடும்.

இந்த எச்சரிக்கையின் அருமை 2007-இல் தெரியவந்தது. பாஸ்டர் ஆய்வகத்தில் உயிரியல் முனைவர் பட்டம் பெற்று, பிறகு திபெத்திய பௌத்தத் துறவியான மத்தியூ ரிக்கார், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் டானியா ஸிங்கர் என்ற நரம்பியலாளரின் சோதனைக்கு உட்பட்டார். ருமேனிய அநாதை இல்லங்களில் வாடி வதங்கிய குழந்தைகளை நினைத்து, அவர்கள் வலியைத் தன் வலியாக உணர மட்டும் செய்யுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். பல்லாண்டு பயிற்சி உள்ள ரிக்காரே சிறிது நேரத்தில் தளர்ந்து, சோர்ந்துவிட்டார். அப்புறம் அதே குழந்தைகளை நினைத்து அன்பையும் அவர்களைத் தாங்கும் விருப்பத்தையும் வளர்த்தபோது தளர்ச்சி மறைந்தது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. பிறகு சாதாரண மக்களிடம் நடந்த பயிற்சி ஆய்விலும் இதுவே தெரிந்தது: பிறர் வலியில் கரைந்துபோகப் பழக்கினால் துயரம் கூடியது, கருணையைப் பழக்கினால் அந்தத் துயரம் இறங்கியது. செவிலியர், முதிய பெற்றோரை ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்ளும் மகள், மருமகள் ஆகியோருக்கு இது மிகவும் தேவைப்படும் வேறுபாடு.

பகைவரை நினைத்ததும் கோபம் பொங்கினால் என்ன செய்வது? புத்தகோசர் வழிமேல் வழியாக அடுக்குகிறார். நண்பரிடம் திரும்பிப் போய் மெத்தாவை வலுப்படுத்திக்கொண்டு மறுபடி வா. கோபம் சுடுவது உன்னைத்தான் என்று பார். அவரிடமுள்ள ஒரு நற்குணத்தையாவது நினை. அப்படியும் ஆகாவிட்டால், நீ எதன்மீது கோபப்படுகிறாய், அவருடைய தலைமயிரின் மீதா, நகத்தின் மீதா, பல்லின் மீதா என்று கூறு கூறாகப் பிரித்துக் கேள். எல்லாமே தோற்றால், அவருக்கு ஏதாவது கொடு. தன்னை மூன்று முறை தங்குமிடத்திலிருந்து எழுப்பி அனுப்பிய மூத்த துறவிக்கு, தன் தாய் தந்த விலையுயர்ந்த பிச்சைப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்த ஒரு துறவியின் கதையையும் அங்கே சொல்கிறார்.

கருணைப் பயிற்சிக்கும் கொடுப்பதற்கும் உள்ள உறவை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2013-இல் பணத்தை வைத்தே அளந்தது. இரண்டு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் கருணைப் பயிற்சி செய்தவர்கள், ஒரு பண விளையாட்டில் ஏமாற்றப்பட்ட முன்பின் அறியாத ஒருவருக்குத் தங்கள் கைப்பணத்திலிருந்து ஏறத்தாழ இரு மடங்கு கொடுத்தார்கள். உணர்ச்சியை வேறு கோணத்தில் பார்க்கப் பழகிய குழுவோடு ஒப்பிட்ட கணக்கு இது. பயிற்சியின் வரிசையும் விசுத்திமக்கத்தைப் போன்றதே: அன்புக்குரியவர், தான், அறிமுகமில்லாதவர், பிணக்குள்ளவர். ஓர் இடம் மட்டும் மாறியிருந்தது. புத்தகோசர் தன்னிடமிருந்து தொடங்கச் சொன்னார். அங்கே அன்புக்குரியவர் முதலில் வந்தார். தன்னை நினைத்து நலம் வாழ்த்த இக்காலத்தவர் பலருக்கு நாக்கு எழுவதில்லை என்பது இதைக் கற்பிப்பவர்கள் அடிக்கடி காண்பது. அப்படிப்பட்டவர்கள் நண்பரிடமிருந்து தொடங்கி, சூடு பிடித்த பிறகு தங்களிடம் வந்து சேரலாம்.